எட்டு லைட்டும் எரியுதுங்க அம்மிணி

திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அடியே,

உன் கடிதம் வந்தது. கல்லூரி சர்வர் அறையை உன் தலையில் கட்டிவிட்டார்கள், ஸ்விட்ச், கார்டு, கேபிள் எல்லாம் கிகாபிட் என்று பில் இருக்கிறது, ஆனால் ஃபைல் காப்பி செகண்டுக்கு 11 மெகாபைட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது, நடுநடுவே பாக்கெட் லாஸ் வேறு, பிரின்சிபால் புது ஸ்விட்சுக்குக் கொட்டேஷன் கேட்டுவிட்டார் என்று புலம்பியிருந்தாய். முதலில் கொட்டேஷனை நிறுத்தி வை. நீ எழுதிய அந்த 11-லேயே பாதி விடை இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்குள் எங்கள் பனியன் கம்பெனியில் இதே சங்கதிக்கு நடந்த கூத்தைக் கேள். போனில் சொல்லலாம்தான். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரிக்குக் காது நீளம், வீட்டில் மாமியாருக்கு.

எங்கள் சர்வர் அறை ஒரு காலத்தில் நூல் கோடவுன். ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, வாசலில் 'அனுமதியின்றி நுழையாதே' போர்டும் மாட்டிவிட்டார்கள். இன்னமும் ஃபேன் வலையில் பஞ்சு அடைகிறது. மேல்மாடியில் மெர்ச்சண்டைசர் பெண்கள், கீழே பேட்டர்ன் செக்‌ஷன். பையர் அனுப்பும் டிசைன், பேட்டர்ன், மார்க்கர் எல்லாம் ஒரே ஃபைல் சர்வரில்தான். காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒருசேரத் திறப்பார்கள். மேல்மாடியில் மட்டும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். பத்து ஐந்துக்கு எனக்கு போன்: "மேடம், சர்வர் படுத்துடுச்சுங்க." சர்வர் எங்கே படுத்தது, சி.பி.யு. பத்து சதவீதத்தில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஷிப்மெண்ட் ஒன்று தள்ளிப்போனதும் முதலாளி கூட்டம் போட்டார். அந்தக் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டுமடி. ஈ.ஆர்.பி. விற்றவர் சொன்னார், சாஃப்ட்வேர் சுத்தம், நெட்வொர்க்தான் கோளாறு. சர்வர் விற்றவர் ஸ்விட்ச் என்றார். ஸ்விட்ச் விற்றவர் கேபிள் என்றார். கேபிள் காண்ட்ராக்டர் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கையோடு ஒரு டெஸ்டர். மாடிக்குப் போகும் கேபிளின் இரண்டு முனையிலும் அதைச் செருகி எல்லார் முன்னாலும் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எட்டு பச்சை லைட்டும் எரிந்தன. "ஏனுங்க அம்மிணி, எட்டு லைட்டும் எரியுதுங்கல்ல? அப்புறம் கேபிள்ல என்னங்க கோளாறு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முதலாளி தலையாட்டினார். முதலாளியின் மச்சினர் மட்டும் வேறு ரூட்டில் போனார். எல்லாவற்றுக்கும் நல்ல ஃபயர்வால் இல்லாததுதான் காரணமாம். அவர் போன மாதம்தான் ஒரு ஃபயர்வால் ஏஜென்சி எடுத்திருக்கிறார். இது உன் காதோடு இருக்கட்டும்.

இத்தனை பேர் பேசினார்கள், ஒருவராவது ஒரு எண் சொல்ல வேண்டுமே! "ஸ்லோ", "ரொம்ப ஸ்லோ", "இன்னைக்குப் பரவால்ல" இவ்வளவுதான். நான் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு, நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐப் போட்டேன். சர்வர் பக்கம் ஒன்று, மாடியில் ஒரு கம்ப்யூட்டரில் ஒன்று. அது மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்புவதால் ஹார்டு டிஸ்க் சோம்பேறித்தனம் நடுவில் வராது. ஃபைல் காப்பியை மட்டும் வைத்து நெட்வொர்க்கைத் தீர்மானிக்காதே. ஒரு ஜிபி ஒற்றை ஃபைல் பறக்கும். அதே ஒரு ஜிபி ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் திற, மூடு, அனுமதி கேள் என்று ஊர்ந்துதான் போகும். அதற்கு கேபிளைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கிகாபிட் என்றால் ஐபெர்ஃபில் என்ன வர வேண்டும்? 1000 வராது. 941 வரும். இந்த 941-ஐ மனப்பாடம் பண்ணிக்கொள். ஒரு பாக்கெட்டில் 1500 பைட் என்கிறோம். அதற்கு மேல் ஈதர்நெட் தலைப்பு 14, வாலில் சரிபார்ப்பு 4, முன்னோட்டம் 8, அடுத்ததுக்கு முன் விட வேண்டிய இடைவெளி 12. ஆக வயரில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. அந்த 1500-க்குள்ளும் ஐ.பி., டி.சி.பி. தலைப்புகள் 52 பைட் போக உன் சரக்கு 1448-தான். 1538-க்கு 1448, அதுதான் 94.1 சதவீதம். காப்பி கணக்கில் செகண்டுக்குச் சுமார் 117 மெகாபைட். 941 வந்துவிட்டால் வயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, நோய் வேறெங்கோ.

இப்போது உன் 11-க்கு வா. அதே 94.1 சதவீதத்தை 100 மெகாபிட்டுக்குப் போடு: 94 மெகாபிட், எட்டால் வகுத்தால் 11.8 மெகாபைட். உன் லிங்க் கிகாபிட்டில் ஓடவே இல்லையடி, 100-ல் ஓடுகிறது. கேபிளுக்குள் நான்கு ஜோடி. 1999-ல் வந்த 1000பேஸ்-டி நான்கு ஜோடியையும் பயன்படுத்தும், ஒவ்வொன்றிலும் 250 மெகாபிட், அதுவும் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில். பழைய 100-க்கு இரண்டே ஜோடி போதும், 1-2, 3-6 ஊசிகள். நீலமோ பழுப்போ ஒன்று அறுந்திருந்தாலும், பிளக்கில் சரியாகக் கடிக்காமல் இருந்தாலும் கிகாபிட் கிடையாது. சில கார்டுகள் கொஞ்ச நேரம் கிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் தெரியாது. லினக்ஸில் ஈத்டூல் என்று அடித்து கார்டின் பெயரைக் கொடு, 'ஸ்பீட்' என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார். 100 என்று இருந்தால் பேட்ச் கார்டை மாற்று, பிறகு சுவரில் இருக்கும் சாக்கெட்டைக் கழற்றிப் பார். புது ஸ்விட்ச் வாங்கி இதே கேபிளை அதில் செருகினாலும் அதே 11-தான் வரும்.

எங்கள் கதை இவ்வளவு சுலபமில்லை. எனக்கு 941-ம் வரவில்லை, 94-ம் வரவில்லை. 180, 260, 90, திடீரென்று 310. 'ரெட்ர்' என்ற கட்டத்தில், அதாவது திரும்ப அனுப்பியவற்றின் கணக்கில், எண்கள் குவிந்தன. ஈத்டூல் 1000, ஃபுல் டூப்ளெக்ஸ் என்றுதான் சத்தியம் பண்ணியது. பிங் அடித்தால் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஸ்விட்ச்காரர் அந்த பிங்கை ஃபோட்டோ எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார், "லாஸ் ஜீரோ சார்" என்று.

பிங்கை மைக் மூஸ் 1983 டிசம்பரில் ஒரே ராத்திரியில் எழுதினார் என்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் அதை அப்படியே அடித்தால் குட்டிப் பாக்கெட்தான் போகும். விண்டோஸில் 32 பைட். பிட்டுக்குப் பிட் கெடுகிற வயரில் குட்டி தப்பித்துவிடும், பெரியது மாட்டிக்கொள்ளும். முழு பாக்கெட் அதைப்போல 15, 20 மடங்கு நீளம், கெடுவதற்கான வாய்ப்பும் அத்தனை மடங்கு. அதனால் அளவை 1472 என்று கொடுத்து, இடைவெளியைக் குறைத்து, ஆயிரக்கணக்கில் அடி. நான் அடித்தபோது நூற்றுக்கு ஒன்று தொலைந்தது.

நூற்றுக்கு ஒன்றுதானே என்பாய். மச்சினரும் அதையேதான் சொன்னார், "99 பர்சென்ட் பாஸ்தானேங்க?" இந்த இடத்தில்தான் டி.சி.பி.யின் குணம் தெரிய வேண்டும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் நடுவே 32 கிலோபிட் ஓட வேண்டிய இடத்தில் 40 பிட் ஓடியது. கிலோ இல்லை, வெறும் 40 பிட். இரண்டுக்கும் நடுவே 400 கஜம். பேப்பரில் எழுதி நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். தொலைந்ததை எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்பி, வழியை இன்னும் அடைத்துக்கொண்டதுதான் காரணம். வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் அதை நோண்டி, பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று அர்த்தம், உடனே வேகத்தைக் குறை, பிறகு மெதுவாக ஏற்று என்று டி.சி.பி.க்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1988-ல் கட்டுரையாக வந்தது. இன்று இன்டர்நெட் நிலைத்து நிற்கிறதென்றால் அதனால்தான். ஆனால் கேபிள் கெட்டுத் தொலைந்ததா, நெரிசலில் தொலைந்ததா என்று டி.சி.பி.க்குத் தெரியாது. வீட்டில் எது உடைந்தாலும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று குரலை அடக்கிக்கொள்ளும் புது மருமகள் மாதிரி, ஒவ்வொரு இழப்புக்கும் தன் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும்.

எவ்வளவு குறைக்கும் என்பதற்கு மாத்திஸும் கூட்டாளிகளும் 1997-ல் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாக்கெட் அளவை, போய்வரும் நேரத்தால் வகுத்து, அதை இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, 1.2-ஆல் பெருக்கு. 1460 பைட், போய்வர 1 மில்லிசெகண்ட், நூற்றுக்கு ஒரு இழப்பு என்று வை. சுமார் 140 மெகாபிட்! 99 மார்க் வாங்கிய கிகாபிட் லைனில் கிடைப்பது ஏழில் ஒரு பங்கு. இப்போதைய லினக்ஸ் வேறு முறை வைத்திருப்பதால் அச்சு அசலாக இதே எண் வராது, போக்கு இதுதான். இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அனுப்பியதில் கடைசிப் பாக்கெட்டே தொலைந்தால், தொலைந்தது என்று சொல்லப் பின்னால் ஆள் வராது, டைமர் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டி வரலாம். லினக்ஸில் அந்த டைமர் வழக்கமாகக் குறைந்தது 200 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்குள் கிகாபிட் வயரில் 25 மெகாபைட் போயிருக்கும். மெர்ச்சண்டைசர் பெண்கள் "நின்னு நின்னு வருதுங்க மேடம்" என்று சொன்னது இதைத்தான். அவர்கள் சொன்னதுதான் அந்தக் கூட்டத்திலேயே உருப்படியான தகவல், ஆனால் அவர்களை யார் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்?

சரி, தொலைவது எங்கே? ஈத்டூலில் பெரிய எஸ் போட்டால் கார்டு தனக்குள் எண்ணி வைத்திருக்கும் எல்லாக் கணக்கையும் கொட்டும். ஸ்விட்சிலும் போர்ட்டுக்குப் போர்ட் அதே கணக்கு உண்டு. அங்கே இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதே, அது எப்போதோ யாரோ கேபிளை ஆட்டியபோது ஏறியதாக இருக்கலாம். ஒரு முறை குறித்துக்கொள், ஐபெர்ஃபை ஒரு நிமிஷம் ஓட்டு, மறுபடி குறி. எது ஏறுகிறது என்பதுதான் கேள்வி. சி.ஆர்.சி. பிழை, அதாவது வாலில் இருக்கும் சரிபார்ப்பு ஒத்துவராத பாக்கெட் கணக்கு, ஏறினால் வயர், பிளக், போர்ட், அல்லது பக்கத்தில் ஓடும் கரண்ட் லைன். அது ஏறாமல் ஸ்விட்சில் 'டிஸ்கார்ட்' ஏறினால் நெரிசல், பஃபர் போதவில்லை. இரண்டும் இல்லாமல் சர்வர் கார்டில் 'மிஸ்ட்' ஏறினால் வந்த பாக்கெட்டை எடுக்க சி.பி.யு.வுக்கு நேரமில்லை, ரிங் பஃபரைப் பெரிசாக்கு, எந்த கோர் திணறுகிறதென்று பார். இன்னொன்று, சி.ஆர்.சி.யை வாங்குகிறவன்தான் எண்ணுவான், அனுப்புகிறவனுக்குத் தெரியாது. ஸ்விட்ச்காரர் கீழ் ஸ்விட்சை மட்டும் பார்த்துவிட்டு சுத்தம் என்று சொல்லிவிட்டார். நான் மாடி ஸ்விட்சைத் திறந்தேன், கீழேயிருந்து கேபிள் வந்து சேருகிற போர்ட்டில் சி.ஆர்.சி. ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காண்ட்ராக்டரின் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த பிளக்கை வெட்டி என் கையில் கொடு" என்றேன். ஆர்.ஜே.45 பிளக் கண்ணாடி மாதிரிதானே இருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே உள்ளே நிறங்கள் தெரியும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக, பார்க்க அழகாக. மறுமுனையிலும் அதே வரிசை. அதனால்தான் டெஸ்டரில் எட்டு லைட்டும் ஒழுங்காக எரிந்தன. அந்த டெஸ்டருக்குத் தெரிந்தது இந்த முனை ஒன்று அந்த முனை ஒன்றைத் தொடுகிறதா என்பது மட்டும்.

ஆனால் கார்டு பார்ப்பது 1-2, 3-6, 4-5, 7-8 என்ற ஜோடிகளை. மூன்றாம், ஆறாம் ஊசிகள் ஒரு ஜோடி. தம்பி போட்டதில் 3-ல் வெள்ளைப் பச்சை, 6-ல் நீலம். இரண்டும் கேபிளுக்குள் வேறு வேறு முறுக்கில் இருப்பவை. 4-5-லும் அதே கதை, பச்சையும் வெள்ளை நீலமும். முறுக்கு சும்மா அலங்காரத்துக்கு இல்லை. டெலிபோன் காலத்தில், 1881-லேயே கிரகாம் பெல் பேடண்ட் எடுத்த சமாச்சாரம் அது. இரண்டு வயரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு போனால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழும், வாங்குகிற பக்கம் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். ஜோடியைப் பிரித்துவிட்டால் ஒரு ஜோடியின் பேச்சு அடுத்ததில் போய் விழும். குட்டை கேபிளில் சமாளித்துவிடும், நீளம் கூடக் கூடத் தடுமாறும். மாடிக்குப் போகும் எங்கள் கேபிள் நல்ல நீளம். போதாததற்கு யு.பி.எஸ். லைனோடு சேர்த்து ஒரே டையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

சரியான வரிசை உனக்குத் தெரியும், ஆனாலும் உன் லேப் பையன்களுக்காக எழுதுகிறேன், சுவரில் ஒட்டி வை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி உட்காருவதற்கு டெலிபோன்தான் காரணம். முதல் லைன் நட்ட நடுவில் 4-5-ல், இரண்டாவது லைன் அதைச் சுற்றி 3-6-ல் என்பது அவர்கள் வழக்கம். அதைக் கெடுக்காமல் நம்மவர்கள் மேலே கட்டினார்கள். தம்பிக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பாவம், "ஓனர் இப்படித்தான் காட்டிக் கொடுத்தாருங்க அக்கா" என்றான். கேபிள் பெட்டி வேறு எனக்குச் சந்தேகம். பிளேடால் வயரைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம்! பில்லில் 'சுத்த காப்பர்' என்று இருக்கிறது. அந்த பில்லை நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே.

மாடி கேபிளை நல்ல சரக்கில் புதுசாக இழுத்து, கரண்ட் லைனை விட்டுத் தள்ளி, நான் பக்கத்தில் நின்று வரிசை சொல்லி கிரிம்ப் பண்ண வைத்தேன். ஐபெர்ஃப்: 941. ரிவர்சில், அதாவது பெரிய ஆர் போட்டு எதிர்த்திசையிலும் 941. திசை மாற்றிப் பார்க்க மறக்காதே, ஒரு பக்கம் மட்டும் நொண்டுகிற வயரும் உண்டு.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் நடுவில் சர்வர் விற்ற கம்பெனியின் மூத்த இன்ஜினியர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, பாக்கெட்டில் நான்கு பேனா. "ஆட்டோவை நம்பாதீங்க, ஸ்பீடை நாமளே ஃபிக்ஸ் பண்ணிடணும்" என்று ஆரம்பித்தார். அவர் இளமையில் அது நியாயம்தான், 100 மெகாபிட் வந்த புதிதில் ஆட்டோ பேச்சுவார்த்தை அடிக்கடி சொதப்பும். அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் டூப்ளெக்ஸ் தகராறு. ஒரு பக்கம் 100 ஃபுல் என்று கட்டிப்போடு, மறுபக்கம் ஆட்டோவில் விடு. ஆட்டோக்காரன் பேச ஆள் இல்லை என்று கண்டு, வேகத்தை மட்டும் மோப்பம் பிடித்து, டூப்ளெக்ஸை ஹாஃப் என்று வைத்துக்கொள்வான். பிங் அருமையாகப் போகும், பெரிய ஃபைல் அனுப்பினால் நாறிவிடும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் ஏறும், ஃபுல் பக்கம் சி.ஆர்.சி. ஏறும். செப்பு வயர் கிகாபிட்டிலோ ஆட்டோ கட்டாயம். இரண்டு பக்கமும் யார் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்பதே அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. நான் மரியாதையாக, "சார், இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே இருக்கட்டும்ங்க" என்றேன். அவரோ காபி குடித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் இரண்டு சர்வரில் எம்.டி.யு.வை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, 9000 ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். நடுவில் இருக்கும் ஸ்விட்சில் 1500-தான். அன்று சாயங்காலம் சர்வருக்குள் லாகின் ஆகிறது, சின்னக் கமாண்ட் ஓடுகிறது, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது பெரிதாக அனுப்பினால் அப்படியே உறைந்து நிற்கிறது. உடைக்காதே என்று சொல்லி 8972 பைட் பிங் அடித்ததும் குட்டு வெளிப்பட்டது. வழி முழுக்க 9000 இருந்தாலும் 941 என்பது 990 ஆகும், அவ்வளவுதான். அந்த ஐந்து சதவீதத்துக்கு இத்தனை வம்பு எனக்கு வேண்டாம்.

அதையும் சரி செய்த பிறகும் ராத்திரி பத்து மணிக்கு மட்டும் இழப்பு தொடர்ந்தது. இந்தத் தடவை சி.ஆர்.சி. அசையவில்லை, ஸ்விட்சில் பேக்கப் பெட்டியின் போர்ட்டில் டிஸ்கார்ட் ஏறியது. ஸ்விட்ச்காரரின் கிராஃபில் அந்த நேரத்தில் 30 சதவீதம்தான் பயன்பாடு. "பாதிகூட ஓடலையே மேடம்!" அந்த கிராஃப் ஐந்து நிமிஷ சராசரி. ஒரு முழு செகண்ட் போர்ட் நிரம்பி வழிந்தாலும் 300 செகண்டில் அது ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. நடந்தது என்னவென்றால், எல்லா சர்வரிலும் பேக்கப் நேரம் சரியாக 22:00 என்று வைத்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒரே கிகாபிட் போர்ட்டில் போய் விழுந்தார்கள். சின்ன ஸ்விட்சில் பஃபர் அரை மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் கிகாபிட் வேகத்தில் அது நான்கு மில்லிசெகண்டுக்குத்தான் தாங்கும். மிச்சம் குப்பைக்கு.

மச்சினர் உடனே, இரண்டு கேபிள் போட்டுக் கட்டிவிட்டால் 2 கிகாபிட் என்றார். அது பலர் சேர்ந்து அனுப்பும்போது கொஞ்சம் உதவும், ஆனால் ஒரு சர்வரின் ஒரே ஓட்டம் ஒரே கேபிளில்தான் போகும், இரண்டாகப் பிரியாது. இரண்டு பேரின் ஓட்டம் ஒரே கேபிளில் போய் விழவும் கூடும். ஸ்விட்ச்காரர் ஃப்ளோ கன்ட்ரோலைப் போடலாம் என்றார். பேக்கப் பெட்டிக்காக 'நிறுத்து' என்று சொன்னால் சர்வர் பேக்கப்பை மட்டுமா நிறுத்தும்? அதே கார்டில் போகும் ஈ.ஆர்.பி.யும் சேர்ந்து நிற்கும். நான் ஒரு சர்வருக்கு 22:00, அடுத்ததுக்கு 22:40 என்று பிரித்து வைத்தேன், பேக்கப் பெட்டியை ஸ்விட்சில் சும்மா கிடந்த 10 கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றினேன். செலவு ஒரு டி.ஏ.சி. கேபிளும் பெட்டிக்கு ஒரு கார்டும். டிஸ்கார்ட் நின்றது.

உன் பிரின்சிபால், வழியில் ஒவ்வொரு ரவுட்டரிலும் எவ்வளவு தொலைகிறது என்று வரிவரியாகக் காட்டும் எம்.டி.ஆர். படத்தைக் காட்டி நெட் கம்பெனியோடு சண்டை போடுகிறார் என்று எழுதியிருந்தாயே, நடுவில் ஒரு இடத்தில் 60 சதவீதம் லாஸ் என்று. கடைசி வரியைப் பார்க்கச் சொல். கடைசி வரியில் பூஜ்யம் என்றால் நடுவில் இருப்பது இழப்பே இல்லை. அந்த ரவுட்டர் உன் பிங்குக்குப் பதில் சொல்வதை அளவோடு வைத்திருக்கிறது, சரக்கை ஒழுங்காகத்தான் கடத்துகிறது. ஒரு இடத்தில் ஆரம்பித்து அதற்குப் பின்னால் எல்லா வரியிலும் தொடர்ந்தால் மட்டும் சண்டைக்குப் போகலாம்.

நீ எனக்கு அனுப்ப வேண்டியது: இரண்டு முனையிலும் ஈத்டூல் சொல்லும் வேகம், ஐபெர்ஃப் இரண்டு திசையிலும், கணக்குகள் முன்னும் பின்னும். கூடவே ஒரு பிளக்கை வெளிச்சத்தில் வைத்து ஃபோட்டோ. பார்த்தவுடன் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் இன்னும் ஒன்று பாக்கி. வேகம் சரியாகிவிட்டது என்று மெர்ச்சண்டைசர் பெண்களே முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள், இருந்தும் மச்சினரின் ஃபயர்வால் பெட்டி வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிட்டது. அட்டையில் கொட்டை எழுத்தில் 1 கிகாபிட் என்று போட்டிருக்கிறது. இந்தப் பெட்டிகளில் வைரஸ் பார்ப்பது, ஊடுருவல் பார்ப்பது எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அந்த எண்ணில் பெரும்பாலும் பாதிகூடத் தேறாது என்பது டேட்டாஷீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதை யாரும் புரட்டுவதில்லை. போதாததற்கு அதை சர்வருக்கும் மாடிக்கும் நடுவில் வைக்கப் போகிறாராம். திங்கட்கிழமை பொருத்த ஆள் வருகிறார்கள். வருவதற்கு முன்னால் ஒரு ஐபெர்ஃப் எடுத்து, தேதி நேரத்தோடு முதலாளிக்கு மெயில் போடப் போகிறேன், மச்சினருக்கும் சி.சி. உண்டு. பொருத்திய பிறகு இன்னொன்று. என்ன ஆனது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அருமைத் தோழி